கருவாட்டுக் கடைக்கு வேர்டுபிரஸ்: லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தது

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மாமாவின் விசைப்படகு மண்டபம் கரையில் நிற்கிறது. "நம்ம கருவாட்டுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடு மாப்ள" என்றார். ஹோஸ்டிங்குக்குக் காசு கட்டுவதற்கு முன், வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்டுபிரஸை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று பேட்டரி செத்த என் பழைய லேப்டாப்பில், அதையே வெப் சர்வராக்கும் எக்ஸாம்ப் தொகுப்பைப் போட்டேன்.

அதிலுள்ள வெப் சர்வரான அப்பாச்சி கிளம்பவே இல்லை. அதற்கு வேண்டிய 80-ஆம் போர்ட்டில், அதாவது இணைப்பு வாசலில், விண்டோஸின் சொந்த வெப் சர்வர் ஏற்கனவே குந்தியிருந்தது. கான்ஃபிக் ஃபைலில் 8080 என்று மாற்றியதும் சரியானது. மறுநாள் காற்றில் கரண்ட் போய், டேட்டாபேஸைக் கவனிக்கும் மைஎஸ்க்யூஎல் படுத்துவிட்டது. டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றி, கூடவே வரும் பேக்கப் ஃபோல்டரை நகலெடுத்து அந்த இடத்தில் வைத்து, என் டேட்டாபேஸையும் ஐபிடேட்டா1 ஃபைலையும் பழையதிலிருந்து எடுத்துப் போட்டேன். எழுந்துகொண்டது. அன்றிலிருந்து தினமும் ராத்திரி டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் போட்டுவிடுகிறேன்.

ரொம்ப நேரம் தின்றது தமிழ்தான். 'மண்டபம் வெயிலில் காயவைத்த நெத்திலிக் கருவாடு' என்று தலைப்பு வைத்தால், பக்கத்தின் முகவரி 'மண்டபம்-வெயிலில்-காயவைத்' என்று பாதியில் நிற்கிறது. தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று மூன்று தடவை அழித்து எழுதினேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. முகவரிக்கு வேர்டுபிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். உள்ளே சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 இடம் பிடிக்கிறது. 'கா' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. அதற்குக் ககரம் ஒன்று, கால் ஒன்று, ஆக 18. இருபத்திரண்டு குறியோடு கதை முடிந்தது. தலைப்பை அப்படியே விட்டுவிட்டு, முகவரியை மட்டும் 'நெத்திலி-கருவாடு' என்று சுருக்கினேன்.

மாமாவுக்கு லேப்டாப் முன்னால் உட்காரப் பொறுமை கிடையாது, போனில் காட்டு என்றார். ஒரே வைஃபைதானே என்று 192.168-இல் தொடங்கும் லேப்டாப் முகவரியை அடித்தேன். ஃபயர்வால் தடுத்தது, அனுமதி கொடுத்தேன். அடுத்து, முகவரி தானாகவே லோக்கல்ஹோஸ்ட் ('இதே கருவி' என்று அர்த்தம்) என்று மாறி, பக்கம் திறக்காமல் நின்றது. போனுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் போன்தானே! நிறுவும்போது கொடுத்த முகவரியை வேர்டுபிரஸ் டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் இரண்டு இடத்திலும் லேப்டாப்பின் முகவரியைப் போட்டதும் திறந்தது.

மாமா வலைக் குவியல் மேல் உட்கார்ந்து, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. நெத்திலின்னு எழுதிட்டு சூடை மீன் படத்தைப் போட்டிருக்க."