காற்று பிரிந்ததா?

மார்ச் 3, திங்கள்

பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. பெருங்குடலின் வலப்பக்கம் புற்றுநோய்க் கட்டி.

எட்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஹீமோகுளோபின் 7.6. முருங்கைக்கீரை சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பிய மருத்துவர் மீது இன்றைக்கும் கோபம் தீரவில்லை. புதியவர்தான் கேட்டார்: "ஆணுக்கு, அதுவும் 61 வயதில், ரத்தம் எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லையா?" வலப்பக்கக் குடல் அகலமானது, உள்ளே மலம் கூழாக இருக்கும், அதனால் அடைப்பு எளிதில் தெரியாதாம். கசிகிற ரத்தமும் அதோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடுமாம்.

மார்ச் 6, வியாழன்

அறுவை மருத்துவர் சீட்டின் பின்பக்கம் வயிறு வரைந்து நான்கு புள்ளி வைத்தார். லேப்ராஸ்கோபி, அதாவது துளைவழி அறுவை: கரியமில வாயுவை நிரப்பி வயிற்றை உப்பவைத்து, ஒரு துளையில் கேமரா, மற்றவற்றில் கருவிகள்.

"திறந்து பார்த்தால்தானே முழுவதும் எடுக்க முடியும்?" என்றேன். எல்லோரும் கேட்பதுதான் போலிருக்கிறது, சிரித்தார். தொண்ணூறுகளில் மருத்துவர்களுக்கே அந்தப் பயம் இருந்ததாம். துளை போட்ட இடத்திலேயே புற்று முளைத்த சம்பவங்கள் உண்டாம். அமெரிக்காவில் 872 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்த பிறகுதான் சந்தேகம் தணிந்தது. மூன்றாண்டில் நோய் திரும்பியது துளைவழிப் பிரிவில் 16 சதவீதம், திறந்து செய்த பிரிவில் 18. பெரிய வித்தியாசமில்லை.

அதே ஆய்வில் ஐந்தில் ஒருவருக்குப் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்ததையும் மறைக்காமல் சொன்னார். அதற்கும் சேர்த்துக் கையெழுத்திட்டேன்.

மனைவியின் அண்ணன் தொலைபேசியில்: "லேசர்தானே மாப்பிள்ளை! காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்." துளைவழி அறுவையைத்தான் லேசர் என்கிறார்.

மார்ச் 10, திங்கள்

இரண்டு லிட்டர் பேதி மருந்து. உப்புக் கரித்த எலுமிச்சைச் சாறு. இதற்கு மேல் எழுத நேரமில்லை.

மார்ச் 12, புதன்

நேற்று முடிந்தது. திறக்கவில்லை.

வெட்டியது வயிற்றில், வலியோ வலது தோளில்! மாரடைப்போ என்று பயந்து மணியடித்தேன். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் உதரவிதானத் தசையை உறுத்துகிறது, அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் தோளில் வலிக்கிறது, இரண்டு நாளில் போய்விடும் என்றார் செவிலியர். சொல்லிக்கொண்டே என்னைக் கட்டிலிலிருந்து இறக்கி நடக்கவும் வைத்துவிட்டார்.

தொப்புளுக்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் வெட்டு ஒன்று இருக்கிறது. குடல்துண்டு அந்த வழியாகத்தான் வெளியே வந்ததாம். கட்டி தோலில் உரசாமலிருக்க முதலில் பிளாஸ்டிக் உறை ஒன்றைச் செருகிக்கொள்வார்களாம்.

மார்ச் 13, வியாழன்

"காற்று பிரிந்ததா?"

காலையில் மருத்துவர், பிறகு செவிலியர், பிறகு உணவு கொண்டுவருபவர், மதியம் பெங்களூரிலிருந்து மகள். இதுநாள்வரை சபையில் அடக்கிவைத்த ஒன்றுக்கு இத்தனை பேர் காத்திருக்கிறார்கள். குடல் விழிக்கட்டும் என்று சூயிங்கம் மெல்லச் சொன்னார்கள். மென்றேன்.

மார்ச் 14, வெள்ளி

விடியற்காலை 4.10. பிரிந்தது. நல்ல சத்தத்தோடு.

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க, நீங்களா?" என்றாள். அந்த இருட்டிலேயே மகளுக்குச் செய்தி போட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. இன்று ஆய்வகத்தின் அறிக்கை. குடல்துண்டோடு எடுத்த 22 நிணநீர்க் கணுக்களைப் பார்த்திருக்கிறார்கள், நோயின் நிலையைக் கணிக்கக் குறைந்தது 12ஐயாவது பார்க்க வேண்டுமாம். ஒன்றில் புற்று இருக்கிறது. ஆகவே மூன்றாம் நிலை. கீமோதெரபி உண்டு. மூன்று மாதமா ஆறு மாதமா என்பது புதன்கிழமை தெரியும்.

மாலையில் மச்சான் வந்தார். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றார். அறிக்கையை நீட்டினேன். நீக்கிய பெருங்குடல் 24 சென்டிமீட்டர் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது என்று மனைவி சொன்னாள். கிளம்பும்போது, வாசலில் நின்ற காஸ் சிலிண்டரை அவரே உருட்டிப்போய்ச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனார்.