மகனுக்கு மந்தை, மகளுக்குப் பள்ளி

மங்கோலியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாகப் பெண்களே பெரும்பான்மையினர். மருத்துவர்களிலும் ஆசிரியர்களிலும் அவர்களே அதிகம். பெண்ணுரிமை அங்கே முழுமை பெற்றுவிட்டதன் அடையாளம் இது என்று எண்ணத் தோன்றும். காரணத்தைத் தேடிப் போனால் வேறொரு கணக்கும் தெரிகிறது. 1990களில் சோஷலிசப் பொருளாதாரம் கலைந்து, கூட்டுப்பண்ணைகளின் கால்நடைகள் தனியார் கைக்கு வந்தபோது, மேய்ச்சல் குடும்பங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பல வீடுகளில் மகன் பள்ளியை விட்டுவிட்டு மந்தையோடு போனான். மந்தை அவனுக்கென்று ஆனபின் மகளுக்கு வேறு பிழைப்பு வேண்டுமே என்று அவளை விடுதிப் பள்ளிக்கும், பின்னர் தலைநகர் உலான்பாதருக்கும் அனுப்பினார்கள். மகள்மீதான அக்கறையும் வீட்டின் நெருக்கடியும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

அந்நாட்டு ஆடை உலகத்தையும் மேய்ச்சல் நிலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. வசந்த காலத்தில் வெள்ளாட்டைக் கிடத்திக் கால்களைக் கட்டி, நீண்ட பற்கள் கொண்ட இரும்புச் சீப்பால் அதன் அடிமயிரை மெல்ல வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டிலிருந்து கால் கிலோ அளவுக்குத்தான் கிடைக்கும். கேஷ்மியர் என்னும் இந்த மென்மயிரின் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் மங்கோலியாவுக்கு. ஆனாலும் அதில் பெரும்பகுதி ஆடையாகாமலே எல்லை கடந்து சீனாவுக்குப் போய்விடுகிறது. 1981இல் ஜப்பானின் உதவியோடு எழுந்த கோபி ஆலை போன்றவை தைத்து முடித்த ஆடைகளை விற்கின்றன. உலான்பாதரின் மாடல்கள் மேடையில் அணிந்து வருவது அவற்றைத்தான். மாடலிங்கை வெறும் அலங்காரத் தொழில் என்று ஒதுக்குபவர்களோடு இந்த இடத்தில் நான் உடன்படுவதில்லை. மூலப்பொருளாகவே விற்றுப் பழகிய நாட்டில், ஓர் ஆடையை அணிந்து காட்டி விற்கும் பெண்ணும் பொருளாதாரத்தின் ஒரு கண்ணிதான். தேல் என்னும் நீள அங்கியோடு, நாட்டின் பெரும்பான்மை இனமான கல்காவின் மணமான பெண்கள் இருபுறமும் இறக்கைபோலத் தலைமுடியை விரித்து வெள்ளிப் பட்டைகளால் இறுக்கிய பழைய அலங்காரத்தை ஆடை விழாக்களில் காணும்போது, சோஷலிச ஆட்சியில் அன்றாட வாழ்விலிருந்து மறைந்த அந்த முடியலங்காரம் மீட்கப்படுவதாகவே எனக்குப் படுகிறது.

அரசியலில் கதவு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. 1924 அரசியலமைப்பே பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. புரட்சித் தலைவர் சுக்பாதரின் மனைவி யாஞ்ச்மா 1953–54இல் தற்காலிக அரசுத் தலைவராக இருந்தார். உண்மையான அதிகாரமோ பிரதமர் செடென்பாலிடம் இருந்தது. ஜனநாயக இயக்கத்தின் தலைவர் சோரிக் 1998 அக்டோபரில் தம் வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டபின், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற நிலவியலாளரான அவருடைய தங்கை ஓயுன், அண்ணனின் தொகுதியில் நின்று நாடாளுமன்றத்துக்குச் சென்றார். அனுதாப அலையோடு முடிந்துபோகவில்லை அவருடைய அரசியல் வாழ்க்கை. சொந்தக் கட்சி தொடங்கினார், வெளியுறவு அமைச்சரானார், 2014இல் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையின் முதல் தலைவருமானார். நான் மிகவும் மதிக்கும் அரசியல்வாதிகளில் அவர் ஒருவர்.

ஆனால் தனிமனிதத் திறமை மட்டுமே ஓர் அவையை மாற்றிவிடாது. 2016இலும் 2020இலும் 76 இடங்களில் 13 பெண்களே வென்றார்கள். வேட்பாளர்களில் 30 விழுக்காட்டினர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியோடும், கட்சி பெறும் வாக்கு விகிதப்படி அதன் பட்டியலிலிருந்து சில உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையோடும் நடந்த 2024 தேர்தலில், 126 பேர் கொண்ட புதிய அவைக்கு 32 பெண்கள் வந்தார்கள். இடஒதுக்கீடு தகுதியைக் குறைக்கும் என்போர், பட்டதாரிப் பெண்கள் நிறைந்த அந்த நாட்டில் அத்தனை ஆண்டுகள் அவை ஏன் ஆண்களாலேயே நிரம்பியிருந்தது என்பதையும் விளக்க வேண்டும்.

இந்த எண்ணிக்கைக்கு வேலை காத்திருக்கிறது. துணையுடன் வாழ்ந்த பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் துணையின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று 2017இல் நடந்த தேசிய ஆய்வு காட்டியது. குடும்ப வன்முறையைக் குற்றமாக்கிய சட்டம் 2016 இறுதியில் நிறைவேறிவிட்டது. அண்டை வீடே பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புல்வெளியில் அடிபட்ட பெண் எங்கே ஓடுவாள் என்ற கேள்விக்கு, காப்பகங்களாகவும் காவலர்களாகவும் நிதி ஒதுக்கீடாகவும் விடை சொல்ல வேண்டியவர்கள் அவையிலுள்ள 126 பேரும்தான், அந்த 32 பேர் மட்டுமல்ல.