வளாகத்துக்கு வராத மாணவரின் நூலகம்

பினாங்கில் தொலைநிலைக் கல்வி புதிதன்று. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இலேயே வளாகத்துக்கு வெளியே இருப்போருக்கான படிப்பைத் தொடங்கிவிட்டது. அப்படியிருந்தும், வேறொரு பல்கலைக்கழகத்தில் நான் பணிபுரியும் நூலகத்தின் அகப்பக்கத்தைச் சீரமைக்க உட்கார்ந்தபோது, முகப்பை நிறைத்திருந்தவை வாசிப்பறை நேரமும் விழாப் படங்களும்தாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து, பேருந்தில் கைப்பேசியைத் திறக்கும் மாணவிக்கு இவற்றால் என்ன பயன்?

அவருக்குப் பெருந்தொல்லை உள்நுழைவுதான். ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்புக்குரிய எண்ணைக் கொண்டே சந்தாவை அடையாளம் காண்பதால், வளாகக் கணினியில் தாராளமாகத் திறக்கும் கட்டுரை வீட்டில் பணம் கேட்கிறது. நூலகத்தின் புராக்ஸி, அதாவது நம் இணைப்பைப் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதாகக் காட்டும் இடைநிலைச் சேவையகம் வழியாகச் சென்றால் அந்தத் தடை இல்லை. ஆகவே, தரவுத்தள இணைப்புகள் அனைத்திலும் புராக்ஸி முகவரியை முன்னொட்டாகச் சேர்த்தோம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் நம் நூலகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் தேடுபெட்டிக்குக் கீழேயே இரண்டு வரியில் எழுதி வைத்தோம்.

விழாப் படங்களை அடியில் தள்ளியதற்கு மேலிடத்தில் முணுமுணுப்பு எழுந்தது; எழட்டும். நூல்களை அஞ்சலில் பெறுவதற்கான படிவம் இப்போது முகப்பிலேயே இருக்கிறது. உரையாடல் உதவியை மாலை ஐந்து மணிக்கு மூடும் வழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் படிக்க உட்காருவதே அதற்குப் பிறகுதான் என்பதால், அடுத்த கூட்டத்தில் இதைத்தான் முதலில் எழுப்பப் போகிறேன்.