அன்வில் மேற்கே போவது கேமராவில் சிக்கியது: போரூர் மொட்டைமாடி டைம்லேப்ஸ்

கடைசியில் கிடைத்துவிட்டது. செங்கல்பட்டுப் பக்கம் எழுந்த கார்திரள் மேகத்தின் உடல் கிழக்கே கடலை நோக்கி நகர்கிறது, அதன் உச்சியில் பட்டறைக்கல் போலத் தட்டையாக விரிந்த தலை, அதாவது அன்வில், மேற்கே இழுபடுகிறது. இரண்டும் ஒரே ஃபிரேமில், ஒரே ஓட்டத்தில். ஜூலை வந்தாலே இதற்காகத்தான் மாடியில் கிடக்கிறேன்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் அன்வில் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம்தான் புயல்மழை வரும் என்று இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு அது பொருந்தாது. கீழேயும் நடு உயரத்திலும் வீசுவது மேற்குக் காற்று. 14, 15 கி.மீ.க்கு மேலே வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று (கிழக்கிலிருந்து வரும் அதிவேகக் காற்று) எதிர்த்திசையில் பாய்கிறது. மீனம்பாக்கம் வானிலை பலூன் தரவைக் காலை 5.30 மணி ஓட்டத்தில் பார்த்தாலே காற்றுத் திசை அம்புகள் உச்சியில் திரும்பி நிற்பது தெரியும். ஆக, ராணிப்பேட்டை, அரக்கோணம் பக்கம் உருவாகி நம்மை நோக்கி வரும் மேகம் தன் அன்விலைப் பின்னால்தான் விட்டுவிட்டு வருகிறது. நம் தலைக்கு மேலே முன்கூட்டியே வெண்திரை எதுவும் படராது. நீலவானம் இருக்கும், அடுத்து ஷெல்ஃப் மேகம் (மழைக்கு முன்னால் பலகை போல நீண்டு வரும் தாழ்ந்த மேகம்), உடனே காற்று.

அதனால்தான் வானிலை ஆய்வு மையத்தின் மூன்று மணி நேர நவ்காஸ்டை, அதாவது நிறம் காட்டி வரும் உடனடி எச்சரிக்கையை, நான் விடாமல் பார்க்கிறேன். மஞ்சள் என்றால் ஒன்றுமில்லை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. மின்னலுக்கு மஞ்சளே போதும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடி என்றால் அது சுமார் 10 கி.மீ. தூரம்தான். அப்போதே படமெடுக்கும் போனை ஸ்டாண்டில் விட்டுவிட்டு நான் கீழே இறங்கிவிடுவேன்.

சரி, படப்பிடிப்புக்கு வருகிறேன். இதில் எல்லாமே கேமரா பார்க்கும் திசையில்தான் இருக்கிறது. மேற்கே வைத்தால் மேகம் நேராக நம்மை நோக்கி வரும், அன்வில் நேராக விலகிப் போகும், பக்கவாட்டு நகர்வே தெரியாது. தெற்கே வைக்க வேண்டும். அப்போது ஃபிரேமின் இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு. இன்னொரு லாபமும் உண்டு: ஜூலையில் சென்னைக்குச் சூரியன் நாள் முழுக்க வடபக்கமே இருப்பதால் வெயில் லென்ஸில் விழாது, மாலை வெளிச்சம் மேகத்தின் முகத்திலேயே படும். ஃபிரேமில் அசையாத ஒரு பொருள் கட்டாயம் வேண்டும். எனக்கு ஒரு செல்போன் டவர் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பக்கத்தில் ஓடும் சின்னத் திரள் மேகங்கள் கண்ணை ஏமாற்றிவிடும்.

எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் லாக் செய்துவிட வேண்டும். அதுவும் மேகத்தின் மிகப் பிரகாசமான பகுதிக்கு வைத்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் (பாதி வெளிச்சம்) குறைத்து. 5 வினாடிக்கு ஒரு படம், ஒரு மணி நேரத்துக்கு 720 படம், 30 ஃபிரேம் வேகத்தில் 24 வினாடி. வெள்ளை வெளுத்துப் போகாததால்தான் எனக்குப் பிடித்த கட்டம் இதில் தெளிவாக விழுந்திருக்கிறது: காலிஃப்ளவர் போலக் கூராக இருந்த விளிம்பு மங்கி நார்நாராக மாறுகிறது. உச்சியில் நீர்த்துளிகள் பனிப்படிகமாகிவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். கொஞ்ச நேரத்தில் முதல் இடி கேட்டது. போன் சூடேறி அணையாமல் இருக்கத் தெர்மாகோல் பெட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை.

மேக அடித்தள உயரக் கணக்கு தனியாக ஓடுகிறது. வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (ஈரப்பதத்தை வைத்துக் கணக்கிடும், காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து 125-ஆல் பெருக்கினால் மீட்டரில் வரும். 36 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் சுமார் 1,500 மீட்டர். கடற்காற்று உள்ளே வந்ததும் வெப்பம் இறங்கி ஈரம் ஏறுவதால் இது மளமளவென்று குறையும். ஆனால் ஈரப்பதத்தில் 5 சதவீதம் பிசகினாலே 200 மீட்டர் தப்பாகிவிடும், அதனால் டிஹெச்டி11 ஈரப்பத சென்சார் இதற்கு ஆகவே ஆகாது. பிஎம்இ280 ஆர்டர் போட்டேன். ஆன்லைன் கடைக்காரர் அனுப்பியது பிஎம்பி280, அதில் ஈரப்பத சென்சாரே கிடையாது! திருப்பி அனுப்பவும் இழுத்தடிக்கிறார். வாங்குபவர்கள் சில்லின் மேல் உள்ள குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். அடுத்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நேரில் போய் எஸ்ஹெச்டி31 வாங்கப்போகிறேன்.

சென்னைத் துறைமுக ரேடாரின் மேக்ஸ் இசட் படங்களை (மழைமேக எதிரொலி எங்கே எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டுபவை) இந்த டைம்லேப்ஸுடன் நேரம் பார்த்துப் பொருத்தும் வேலை பாதியில் நிற்கிறது. அது முடிவதற்குள் மனசு வடகிழக்குப் பருவமழைக்குத் தாவிவிட்டது. அக்டோபரில் மேகங்கள் கடலிலிருந்து வரும், ஸ்டாண்டைக் கிழக்கே திருப்ப வேண்டும். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. படிக்கட்டு அறையின் மேல் ஏற்றினால் சரிவரும் என்று நினைக்கிறேன்.