ரீவி இல்லாத வீட்டில் ஒரு பெப்ரவரி

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

77ஆவது சுதந்திர தினம். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே ஒழுங்கையில் எல்லா வீட்டு ரீவியும் தொடங்கிவிட்டது. கொழும்பு அணிவகுப்பின் பாண்ட் வாத்தியம் எனக்கு மூன்று வீட்டிலிருந்து மூன்று தடவை கேட்டது. ஒரு வீட்டில் அன்டெனா, அடுத்ததில் கேபிள், மூலை வீட்டில் டிஷ். செய்மதி வழியாக வருவது எப்போதும் கொஞ்சம் பிந்தும். அதனால் ஒரே மேள அடி மூன்றாகப் பிரிந்து வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு எல்லாம் ஒரு சத்தமாத்தானே கேக்குது" என்றார்.

பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அச்சகம் ஒன்றுக்குப் பிழை திருத்துகிறேன். கோயில் மலர், பாடசாலை மலர், எல்லாவற்றையும்விடக் கூடுதலாக 31ஆம் நாள் நினைவு மலர்கள். இன்றைக்கு ஒரு ஓய்வுபெற்ற தபால் அதிபரின் மலர். பேரப்பிள்ளைகளின் பெயர்களில் மட்டும் நான்கு எழுத்துப் பிழை.

மட்டக்களப்பு கல்லடியில் எங்களுடையது ரீவி இல்லாத வீடு. வருகிறவர்களின் கண் முதலில் முன் அறைச் சுவருக்குத்தான் போகும். "பழுதாப் போச்சா?" என்று கேட்பார்கள். பழுதாகவில்லை. எனக்கு ஓட்டிசம் இருக்கிறது என்று 29 வயதில் ஒரு வைத்தியர் உறுதிப்படுத்தினார். அதற்குப் பிறகு அம்மாவும் நானும் கதைத்து, ரீவியை மாமா வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அம்மா தன் நாடகங்களைப் போனில், காதுக்குள் வயரை மாட்டிக்கொண்டு பார்க்கிறார். இந்த ஏற்பாட்டில் என்னைவிடக் கூடுதலாக விட்டுக்கொடுத்தவர் அம்மாதான். அதை எழுதி வைக்க வேண்டும் என்று கன நாளாக நினைத்திருந்தேன்.

பெப்ரவரி 6, வியாழன்

திருக்கோவிலிலிருந்து பெரியம்மா எடுத்தார். கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. மட்டக்களப்பில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் எங்கள் வீட்டில்தான் தங்குவார்.

சந்தோசம். அதோடு யோசனையும். பெரியம்மா வீட்டில் விடியப்புறம் பக்திப் பாட்டோடு தொடங்கும் ரீவி படுக்கப் போகும்வரை ஓடும். "தனிய இருக்கிற எனக்கு அதுதானே புள்ள துணை" என்பார். பெரியப்பா போன பிறகு அந்த வீட்டில் வேறு குரல் இல்லை. அவரிடம் போய் ரீவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பெப்ரவரி 7, வெள்ளி

சின்ன வயதில் மாமா வீட்டில் ஒரு பெட்டி ரீவி இருந்தது. சத்தத்தை முழுதாகக் குறைத்து வைத்திருந்தாலும் அதிலிருந்து ஊசி குத்துகிற மாதிரி ஒரு கீச்சல் எனக்குக் கேட்கும். கடப்படியில் நின்றே "ரீவி போட்டிருக்கு" என்று சொல்லிவிடுவேன். உள்ளே இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வார்கள். சத்தமே இல்லாத பெட்டிக்கு இந்தப் பிள்ளை ஏன் காதைப் பொத்துகிறது என்று பெரியவர்களுக்குப் புரியவில்லை. ஒரு முறை பார்வை பார்த்து மந்திரிக்கக்கூட என்னைக் கொண்டுபோனார்கள்.

அந்தச் சத்தம் இருந்தது உண்மை. அதற்குக் கணக்கே இருக்கிறது. இலங்கையில் பாவித்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், ஒரு நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 15,625. பெட்டிக்குள் இருக்கும் மின்மாற்றி அந்த வேகத்தில் அதிரும். 15,625 ஹேர்ட்ஸ் சத்தம் பிள்ளைகளின் காதுக்கு எட்டும். வயது ஏற ஏற உயர்ந்த சுருதிகள் காதிலிருந்து போய்விடும் என்பதால் பெரியவர்களுக்கு எட்டாது. இதை நான் வளர்ந்து வேலைக்கு வந்த பிறகுதான் வாசித்தேன். அன்று முழுக்க ஒரு நிம்மதி இருந்தது.

இப்போதைய தட்டை ரீவியில் அந்தக் கீச்சல் இல்லை. ஆனாலும் எனக்கு முடியவில்லை. காரணம் காதின் கூர்மை இல்லை. வருகிற சத்தங்களில் எது வேண்டியது, எது வேண்டாதது என்று பிரித்து எடுக்கும் வேலை என் மூளையில் தானாக நடப்பதில்லை. அறிவிப்பாளர், பின்னணி இசை, விளம்பரம், மின்விசிறி, "சோறு போடவா" என்று கேட்கும் அம்மா எல்லாம் ஒரே கனத்தில் வரும். அதற்குள்ளிருந்து அம்மாவின் சொற்களைத் தேடிப் பொறுக்கி எடுக்க வேண்டும். அரை மணித்தியாலம் அப்படிப் போனால் என் வாயில் பேச்சு நின்றுவிடும். பதில் தெரியும், நாக்கு வராது. அமெரிக்க மனநல வைத்தியர்கள் ஓட்டிசத்தை அடையாளம் காணப் பாவிக்கும் டிஎஸ்எம் கையேட்டின் 5ஆம் பதிப்பில், 2013இல்தான், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மீறியோ குறைவாகவோ உணர்வதையும் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

விளம்பரச் சத்தம் நிகழ்ச்சிச் சத்தத்தை மிஞ்சக் கூடாது என்று அமெரிக்காவில் 2010இல் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆக, இது எனக்கு மட்டும் உள்ள தொல்லையும் இல்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

பகல் பதினொன்றரை அளவில் கறண்ட் போனது. எங்கள் ஊர் மட்டுமில்லை, நாடு முழுக்க. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் வந்த வினை என்று பின்னேரம் செய்தி வந்தது.

பின்னேரம் அடுத்த வீட்டாரும் நாங்களும் எங்கள் வளவில் கதிரை போட்டு இருந்தோம். நான் கன நேரம் கதைத்தேனாம், அம்மா சொன்னார். ஒழுங்கையில் ஒரு ரீவியும் இல்லாததால் ஆட்கள் சொன்னது முழுக்க எனக்கு விளங்கியது. அதற்காகக் கறண்ட் இல்லாத நாளை நான் விரும்புகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அதில் நல்லது ஒன்றும் இருக்கவில்லை. மீன் வாடிக்கு ஐஸ் இல்லை, இன்சுலின் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இல்லை, படிக்கிற பிள்ளைகளுக்கு வெளிச்சம் இல்லை. மின்விசிறி வேண்டும், விளக்கு வேண்டும். ரீவி மட்டும் எனக்கு வேண்டாம்.

பெப்ரவரி 13, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஆறுதலாக எழுத வேண்டும்.

மூலை வீட்டுத் தங்கச்சி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு நான்கு வயது ஆகப் போகிறது. ஓட்டிசம் என்று போன மாதம் சொல்லியிருக்கிறார்கள். தேத்தண்ணியைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை.

"அக்கா, உங்கட வீட்டில ரீவி இல்லையே. அதாலதானா நீங்க இப்பிடி நல்லாக் கதைக்கிறீங்க? நாங்களும் நிப்பாட்டினா இவனுக்குச் சரியாகிடுமா?"

வீட்டில் எல்லோரும் அவரைத்தான் சொல்கிறார்களாம். சமைக்கிற நேரம் பிள்ளையை ரீவிக்கு முன்னால் இருத்தியதால் வந்தது என்று. சொல்லிவிட்டு அழுதார்.

எனக்கு உடனே பேச்சு வரவில்லை. கொப்பியை எடுத்து எழுதிக் காட்டினேன், பிறகு பேச்சும் வந்தது. நான் சொன்னது இதுதான்: ரீவி பார்த்ததால் ஓட்டிசம் வராது, நிறுத்தினால் போகவும் மாட்டாது. ரீவிக்குக் கிட்டப் போகவே பயந்த பிள்ளை நான். எனக்கும் ஓட்டிசம்தான். எங்கள் வீட்டில் ரீவி இல்லாதது நான் களைக்காமல் இருப்பதற்கான ஒரு வசதி. மருந்து இல்லை.

தாயைக் குற்றம் சொல்வது புதிதும் இல்லை. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி இதற்கு ஓட்டிசம் என்ற பெயரைப் பதித்தார். அதற்குப் பிறகு கன காலம், தாய்க்குப் பாசம் குறைந்ததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்தவர்களே சொன்னார்கள். பேர்னாட் றிம்லண்ட் என்ற உளவியலாளருக்கு இப்படி ஒரு மகன் இருந்தான். அது பொய், இது மூளை வளர்ச்சியோடு சேர்ந்தது என்று அவர் 1964இல் எழுதினார். 1977இல் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு, பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு இருப்பதைக் காட்டியது. இத்தனைக்குப் பிறகும் கல்லடியில் ஒரு தாய் என் முன்னால் இருந்து அழுகிறாள். அன்றைக்குப் பாசம் இல்லாதவள் என்றார்கள், இன்றைக்கு ரீவி போட்டுக் கொடுத்தவள் என்கிறார்கள். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குத் திரை குறைவாக இருப்பது நல்லதுதான். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஆனால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னது. இருக்கிற நேரத்தில் ஓடி விளையாடட்டும், நன்றாக நித்திரை கொள்ளட்டும் என்பதற்காகச் சொன்னது.

இதற்கிடையில் பிள்ளை என் மேசைக்குக் கீழே போய் இருந்தான். ஒரு பிஸ்கட் விளம்பரத்தை அறிவிப்பாளரின் ஏற்ற இறக்கம் தப்பாமல் திரும்பத் திரும்பச் சொன்னான். "பாருங்க, இதைத்தான் சொல்லுறன், ரீவி இவனைக் கெடுத்துப் போட்டு" என்றார் தங்கச்சி. எனக்கு அப்படிப் படவில்லை. எந்த நேரத்தில் இந்த விளம்பரத்தைச் சொல்வான் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, "பின்னேரத்தில... பசிக்கிற நேரத்தில" என்றார். அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மா எழும்பிப் போய் மலிபன் பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். விளம்பரம் நின்றது.

சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்காமல் முழு வசனமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும் நேரத்தில் அதையே எடுத்துச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது வெறும் கிளிப்பேச்சு இல்லை, அதற்குள் தேவையும் பதிலும் இருக்கும் என்று 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பிள்ளை தன் பேச்சை ரீவியிலிருந்து எடுத்திருக்கிறான். என்னிடமிருந்து பேச்சைப் பறிக்கும் அதே பெட்டி அவனுக்கு வசனம் கொடுத்திருக்கிறது. என் வீட்டைப் பார்த்து அவனுடைய ரீவியை ஒரே நாளில் பறித்துவிட வேண்டாம் என்று சொன்னேன். சத்தத்தைக் குறையுங்கள், ஒரே நிகழ்ச்சியைப் போடுங்கள், பக்கத்தில் இருந்து அவன் சொல்வதற்குப் பதில் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

போகும்போது தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

பெப்ரவரி 14, வெள்ளி

பிரேமதாச மைதானத்தில் அவுஸ்திரேலியாவை 174 ஓட்டங்களால் வென்றோம். நாங்கள் 4 விக்கெட்டுக்கு 281, அவர்கள் 107. நான் கிரிக்கெட்டை எழுத்தில்தான் பார்ப்பேன். போனில் பந்துக்குப் பந்து வரும் வரிகளை வாசித்து, கொப்பியில் கோடு போட்டு எழுதுவேன். ரீவியில் பார்த்த அடுத்த வீட்டு அண்ணாவுக்கு எத்தனையாவது ஓவரில் எந்த விக்கெட் போனது என்று நினைவில்லை. என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

பெப்ரவரி 18, செவ்வாய்

பெரியம்மா வந்துவிட்டார். இன்று அவரோடு கிளினிக்குக்குப் போனேன். காத்திருக்கும் மண்டபத்தில் ரீவி, நேற்று ஜனாதிபதி சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிய விவாதம். பார்க்கிறவர் யாரும் இல்லை. சத்தத்தைக் குறைக்கக் கேட்டேன். ரிமோட் யாரிடம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இலக்கம் கூப்பிடுவது எனக்குக் கேட்காது என்பதால், பெரியம்மாவை உள்ளே இருத்திவிட்டு வாசல் மரத்தடியில் நின்றேன். இலக்கத்தை ஒரு சின்னப் பலகையில் எழுதி வைத்தால் போதும். காது கேளாதவர்களுக்கும் அது உதவும்.

வரவு செலவுத் திட்டத்தைப் பேப்பரில் வாசித்தேன். பேப்பர் குறுக்கே பேசாது.

பெப்ரவரி 21, வெள்ளி

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பெரியம்மாவுக்கு அம்மாவின் போனும் வயரும் கொடுத்தோம். நாடகம் பார்க்கும்போது அவர் வாய்விட்டுத் திட்டுகிறார், அழுகிறார், "போகாதடி" என்று அந்த மருமகளுக்குப் புத்தி சொல்கிறார். அது எனக்குத் தொந்தரவாக இல்லை. ஒரே ஒரு குரல், அதுவும் எனக்குத் தெரிந்த குரல்.

இரவு சோற்றுக்குப் பிறகு முழுக் கதையையும் எனக்குச் சொன்னார். "மறுகா என்ன நடந்த தெரியுமா புள்ள?" என்று நிறுத்துவார். நான் கேட்டால்தான் தொடருவார். யார் யாருக்கு என்ன முறை என்று விரல் மடித்துக் காட்டினார். முகங்கள் மாறி மாறி வந்து போகும் திரையில் எனக்கு ஒருநாளும் விளங்காத குடும்பம் இன்றைக்கு முழுதாக விளங்கியது. அந்த மாமியார் செய்தது அநியாயம்தான்.

பிறகு பேச்சு 1978 சூறாவளிக்குப் போனது. நவம்பர் 23. அப்போது நாட்டிலேயே ரீவி இல்லை, முதல் ஒளிபரப்பு வந்ததே 1979இல்தான். றேடியோவும் நின்றுபோனதாம். கூரை போன வீட்டில் கட்டிலுக்குக் கீழே அம்மாவும் பெரியம்மாவும் விடியும்வரை இருந்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அம்மா இதை எனக்குச் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லையே என்றார்.

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கண் கட்டோடு பெரியம்மா மாமாங்கம் கோயிலுக்குப் போக வேண்டுமென்று நின்றார், மறித்துவிட்டோம். ஒழுங்கையில் விடிய விடிய ரீவி ஓடும். எனக்குக் காது அடைப்பான், பின் அறை, ஒரு நினைவு மலர் வேலை.

மார்ச் 1, சனி

மூலை வீட்டுத் தங்கச்சி கடப்படியில் நின்று கூப்பிட்டார். பேச்சுப் பயிற்சிக்குத் திகதி கிடைத்திருக்கிறது, வருகிற வியாழன். மகன் எந்த விளம்பரத்தை எந்த நேரத்தில் சொல்கிறான் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார். வாசித்துப் பார்த்தேன். சவர்க்கார விளம்பரம் வந்தால் குளிக்கக் கேட்கிறான். ஒரு வங்கி விளம்பரம் மட்டும் எதற்கென்று பிடிபடவில்லை. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்றும் எழுதச் சொன்னேன்.

வியாழன் நானும் கூடப் போகிறேன். அங்கேயும் மண்டபத்தில் ரீவி இருக்கும். நான் வெளியே நிற்பேன், முறை வந்ததும் போனில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவும் வருகிறாராம், ரிமோட்டைத் தான் தேடிப் பிடிப்பதாகச் சொல்கிறார்.