சீப்பும் துப்பாக்கியும்

அலாஸ்காவின் பால்மர் நகரில் உள்ள பண்ணையில் கஸ்தூரி எருது என்ற வடதுருவப் பகுதி விலங்கு ஒன்றுக்கு மயிர் வாரிவிடுகிறார்கள். மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை அந்தக் காணொளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தரிப்பதில்லை. வசந்தத்தில் தானாக உதிரும் அடிமயிரைச் சீப்பால் வாரியெடுக்கிறார்கள், அவ்வளவுதான். சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் அது பாளம் பாளமாகக் கழன்று வருகிறது. இந்த அடிமயிரின் பெயர் கிவியட். அந்த முரட்டு உருவமோ ஏதோ யோசனையில் இருப்பதுபோல் நின்றுகொடுக்கிறது.

19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அலாஸ்காவில் இந்த இனத்தையே துடைத்தெறிந்திருந்தார்கள்.

ஓநாய் வந்தால் இவை வளையம் கட்டும். கன்றுகள் உள்ளே, பெரியவற்றின் கொம்புகள் வெளியே. ஓநாய்க்கு அது கோட்டை. துப்பாக்கிக்காரனுக்கு நகராத குறி.

விலங்குக் காட்சிசாலைகளுக்குக் கன்று பிடித்த கதை இன்னும் கொடுமை. உள்ளே நின்ற கன்றை எடுக்க, சுற்றி நின்ற பெரியவற்றைச் சுட்டுத்தள்ளினார்கள். கூண்டுக்கு முன்னால் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

1930இல் கிழக்கு கிரீன்லாந்திலிருந்து 34 கஸ்தூரி எருதுகளை அலாஸ்காவுக்குக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அங்குள்ள நுனிவாக் தீவில் விட்டார்கள். இன்று அலாஸ்காவின் காட்டுவெளியில் மேய்பவை அந்த வழிவந்தவை.

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் உள்ள ஊமிங்மாக் கூட்டுறவுச் சங்கத்துக்காகப் பூர்வகுடிப் பெண்கள் கிவியட்டில் கழுத்துத்துணி பின்னுகிறார்கள். ஊருக்கு ஊர் தனிக் கோலம். நுனிவாக் தீவின் மெகோர்யுக் பெண்கள் பின்னுவது, தந்தத்தாலான பழைய ஈட்டிமுனை ஒன்றிலிருந்து எடுத்த வடிவம்.

விலையைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.