உயர்தர உயிரியலில் சுவாசத் தொகுதி: நான் படித்த முறை

க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவர்களுள் பலர், மூக்குக்குழி, தொண்டை, குரல்வளை, வாதனாளி (மூச்சுக்குழாய்), சுவாசப்பைக்குழாய், சிற்றறை (வாயுப் பரிமாற்றம் நிகழும் நுண்ணிய காற்றுப்பை) என்ற வரிசையை மனனம் செய்துவிட்டு, சுவாசத் தொகுதி முடிந்துவிட்டது என்று அடுத்த அலகுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரிசைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். வாதனாளியின் கசியிழைய வளையங்கள் முழு வட்டமாக இல்லாமல் உணவு செல்லும் குழாயான களம் இருக்கும் பின்புறத்தில் திறந்திருப்பதையும், வலது சுவாசப்பையில் மூன்று சோணைகளும் (பெரும் பிரிவுகளும்) இடதில் இரண்டும் இருப்பதையும் படம் வரைந்தே நினைவில் நிறுத்தலாம். மிகுதி நேரத்தை அமுக்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதே எனது உறுதியான கருத்து.

திருகோணமலை உவர்மலையில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் நாங்கள் சேர்ந்து படித்த நாட்களில், உட்சுவாசத்தின் படிகளைச் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் எழுதி, ஒவ்வொரு படிக்கும் இடையே ஓர் அம்புக்குறி இட்டு, அந்த அம்புக்குறிக்குக் காரணம் சொல்ல முடிந்தால் மட்டுமே அடுத்ததற்குப் போவோம். நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையிலுள்ள தசைத்தகடான பிரிமென்றகடு சுருங்கித் தட்டையாகிறது. வெளிப் பழுவிடைத் தசைகள் சுருங்குவதால் பழுவென்புகள் மேலும் வெளியும் அசைகின்றன. நெஞ்சறையின் கனவளவு கூடுகிறது. சுவாசப்பையினுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தை விடக் குறைகிறது. அதன் பின்னரே காற்று உள்ளே வருகிறது. காற்று புகுவதால் நெஞ்சு விரிகிறது என்று எழுதினால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். ஓய்வு நிலையில் வெளிச்சுவாசம் நிகழ்வதற்குத் தசைகள் தளர்வதும் சுவாசப்பையின் மீள்தன்மையுமே போதும் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கனவளவுகளை எண்களாக மட்டும் படிக்காமல் கணக்காகச் செய்து பார்ப்பது மிகுந்த பயன் தரும். ஓய்வில் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் காற்று உள்ளே சென்றாலும், அதில் 150 மில்லிலீற்றர் வரை வாயுப் பரிமாற்றம் நிகழாத குழாய்களிலேயே தங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 12 தடவை 500 மில்லிலீற்றர் வீதம் சுவாசிப்பவருக்கும், 24 தடவை 250 மில்லிலீற்றர் வீதம் சுவாசிப்பவருக்கும் மொத்தம் 6000 மில்லிலீற்றர்தான். ஆனால் சிற்றறைகளை அடையும் புதுக் காற்று முதலாமவருக்கு 4200, இரண்டாமவருக்கு வெறும் 2400 மில்லிலீற்றர். ஆழமான மூச்சு ஏன் பயனுள்ளது என்று கேட்டால், இந்தக் கணக்கு ஒன்றே முழு விடையாகும்.

வாயுப் பரிமாற்றத்தை விளங்கிக்கொள்ளப் பகுதியமுக்கத்தை, அதாவது கலவையிலுள்ள ஒரு வாயு மட்டும் தரும் அமுக்கத்தை, விட்டால் வேறு வழியில்லை. சிற்றறையில் ஒட்சிசனின் பகுதியமுக்கம் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் இரசம். அங்கு வந்துசேரும் குருதியில் அது 40. காபனீரொட்சைட்டுக்கோ சிற்றறையில் 40, குருதியில் 45 என்ற சிறு வேறுபாடே உண்டு. அது எளிதில் கரைந்து விரைவாகப் பரவுவதால் அந்த வேறுபாடே போதுமாகிறது. குருதியில் செல்லும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் இருகாபனேற்று அயனாகவே செல்கிறது.

சுவாசக் கட்டுப்பாட்டை விளங்கிக்கொள்ள, கடலோரத்தில் வாழும் எங்களுக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. திருகோணமலையில் சுழியோடிப் பழகிய அயலவர் ஒருவர், நீரில் இறங்க முன்னர் வேகவேகமாக மூச்சு இழுத்து விடக்கூடாது என்று இளையவர்களைக் கண்டிப்பதுண்டு. அவ்வாறு செய்யும்போது உடலிலுள்ள ஒட்சிசன் அதிகம் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் பெருமளவு வெளியேறுகிறது. மூச்சு விடவேண்டும் என்ற உந்துதலை முதன்மையாகத் தூண்டுவது காபனீரொட்சைட்டு உயர்வதும் அதனால் மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள மூளைய முண்ணாண் பாய்பொருளின் அமிலத்தன்மை கூடுவதுமே ஆகையால், அந்த எச்சரிக்கை பிந்தி வருகிறது. அதற்குள் ஒட்சிசன் குறைந்து ஒருவர் நீருக்குள்ளேயே மயங்கி உயிரிழக்கவும் கூடும்.

இந்தப் பகுதியில் வினா வந்தால், சுவாசத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியான நீள்வளைய மையவிழையம் என்ற பெயரோடு விடையை நிறுத்திவிடாதீர்கள். காபனீரொட்சைட்டு உயர்வு, ஐதரசன் அயன் செறிவு உயர்வு, அதை உணரும் வாங்கிகள், பிரிமென்றகட்டுக்கும் பழுவிடைத் தசைகளுக்கும் செல்லும் நரம்புக் கணத்தாக்கங்கள், சுவாச வீதமும் ஆழமும் கூடுதல் என்று படிப்படியாக எழுதுங்கள். ஒட்சிசன் பெரிதும் குறையும்போது சிரசு நாடிகளிலும் பெருநாடியிலும் உள்ள வாங்கிகள் தூண்டப்படுவதை அதன் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.